எட்டாம் ஸ்டேஷன் பாட்டு

பனிமய மாதா மேல் ஆணையாக, இதுவரை விழுந்துபோன என் பதினேழு பற்களின் மேலும் ஆணையாக, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்துபோய் மக்ரூன் வாங்கித் தின்னலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பூட்டிய அறைக்குள் மரியான் தனியாக இருந்தபோது நடந்ததெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அதற்குத் தனியாக ஒரு சத்தியம் செய்ய வேண்டிவரும். இந்த வயதில் நாளைக்கு ஒன்றுக்கு மேல் உடம்பு தாங்காது.

முதலில் நடுங்கியது அவன் உள்ளங்கைதான்.

ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பேய் பிசாசு எதற்கும் தோதான நேரமல்ல. வெயில் உப்பளத்தில் பட்டு ஊரெல்லாம் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குமேல் காற்று. அந்த வருஷம் மில்லர்புரத்தில் கொடியில் காயப்போட்ட வேட்டி ஒன்று பறந்துபோய்ப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் கிடந்தது, அதுவும் நாலாக மடித்தபடி. புழுதிக்குப் பயந்து தெருவில் எல்லா வீட்டிலும் ஜன்னல் சாத்தியிருந்தது. மரியானும் சாத்தியிருந்தான். அரையிருட்டில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு நிமிர உட்கார்ந்து, டிவியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஐம்பத்து நாலு வயது. கல்யாணம் செய்யவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் கடற்கரை வீட்டைத் தங்கை விக்டோரியாவிடம் விட்டுவிட்டு, கடல் கண்ணில் படாத, அலை காதில் விழாத இடமாகப் பார்த்து மில்லர்புரத்துக்கு வந்தவன். அந்த கேம் பெட்டி விக்டோரியாவின் மகன் ரெக்ஸுடையது. சரக்குக் கப்பலில் இஞ்சினியராக ஏறப் போகும்போது கொண்டுவந்து வைத்தான்.

“எங்க வீட்டுல வச்சா உப்புக்காத்து தின்னுரும் மாமா. இங்கனயே இருக்கட்டும். ஆனா வாரத்துக்கு ஒருக்கா ஒரு மணி நேரம் ஓட விட்டுருங்க. சும்மா கெடந்தா பூத்துரும்.”

மரியான் சொன்ன சொல் தவறாதவன். ஏழு மாதமாக ஞாயிறுதோறும் பூசை பார்த்து, சாப்பிட்டு, பெட்டியை ஓடவிட்டான். ஆட்களைச் சுடுவதற்கும் போலீஸ் வண்டியை இடித்துத் தள்ளுவதற்குமாகச் செய்த அந்த விளையாட்டில், அவன் சிவப்பு விளக்கைக் கண்டால் நின்று, பச்சை விழுந்தால் எடுத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினான். பின்னால் வருகிறவர்கள் ஆங்கிலத்தில் வைதார்கள். ஒரே ஒரு தடவை ஒரு நாயின் வாலில் ஏற்றிவிட்டான். அடுத்த வாரம் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னான். சாமியார், எந்தத் தெரு நாய் என்று கேட்டார்.

அந்தக் காரில் அவனுக்குப் பிடித்தது ரேடியோ. எட்டு ஸ்டேஷன். ஒன்றும் புரியாது. ஆனாலும் அந்த வீட்டுக்குள் அவன் குரலைத் தவிர இன்னொரு மனிதக் குரல் கேட்பது அந்த ஒரு மணி நேரம்தான். அவன் குரலும் அப்படியொன்றும் அடிக்கடி கேட்பதில்லை. விளையாட்டில் வரும் நகரத்தின் கடைசியில் ஒரு துறைமுகம் உண்டு. காரை அங்கே கொண்டுபோய்க் கடலைப் பார்க்க நிறுத்திவிட்டு ரேடியோ கேட்பான். அந்தக் கடலுக்கு வாசனை கிடையாது. அதனால் அதைப் பார்க்க முடிந்தது.

அன்றைக்கு ஏழாவது ஸ்டேஷனில் விளம்பரம் ஓடியது. அதுவரை போகாத எட்டாவதுக்குத் திருப்பினான்.

ஒரு பெண் தணிந்த குரலில் இரண்டு வாக்கியம் சொன்னாள். அப்புறம் பாட்டு. பாட்டுப் போடுகிற இடத்தில் வந்ததால்தான் அதைப் பாட்டு என்று சொல்ல வேண்டும். மெட்டு இல்லை, வார்த்தை இல்லை, எங்கோ தலைக்கு மேலே கெட்டியான எதையோ தாண்டி வருவதுபோல ஒரு மொத்தல் சத்தம், அதன் அடியில் குழாய்க்குள் காற்று போவதும் வருவதுமாக ஒரு சீறல், நடுநடுவே மரமும் இரும்பும் உரசிக்கொள்ளும் முனகல், இவை எல்லாவற்றுக்கும் பின்னால் உதட்டைப் பிரிக்காமல் ஒருத்தி ராகம் இழுத்துக்கொண்டிருந்தாள், தொட்டில் ஆட்டுகிறவள் பிள்ளை தூங்கிய பிறகும் நிறுத்த மறந்து, பிறகு பிள்ளையையும் மறந்து, ராகத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டிருப்பதுபோல.

கார் நின்றுகொண்டிருந்தது. அதன் இஞ்சின் அணைந்திருந்தது. மரியானின் கையிலிருந்த கன்ட்ரோலர் நடுங்கியது. மூன்று தடவை. சற்று விட்டு, இன்னும் மூன்று.

அதை மெதுவாகத் தரையில் வைத்தான். தரையில் அது சும்மா கிடந்தது. லேஞ்சித் துணியை எடுத்து உள்ளங்கையைத் துடைத்தான். கை நனைந்திருந்தது. வேர்வைதான் என்று நினைத்து முகர்ந்து பார்த்தான். வேர்வை அல்ல. பதினொரு வருஷமாக அவன் தள்ளிவைத்திருந்த வாசனை.

அந்த மூன்று நடுக்கம் வேறு யார் கையில் பட்டிருந்தாலும் ஒன்றுமில்லை. அவன் கைக்கு அது பாஷை. இந்தக் கடலில் முத்துக் குளிப்பது நின்று இரண்டு தலைமுறை ஆகிறது. சங்கு எடுக்க இன்னும் ஆள் இறங்குகிறது. வாயில் காற்றுக்குழாய், இடுப்பில் கயிறு. வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். கயிற்றின் மறுமுனையை ஒருவன் பிடித்துக்கொண்டிருப்பான். கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் கயிற்றை விடு. இரண்டு வந்தால் நிறுத்து. மூன்று வந்தால் தூக்கு. எதையும் யோசிக்காதே, தூக்கு. அந்தக் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. குளிக்கிறவனுடைய மனைவியின் கூடப்பிறந்தவன் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி பிடித்தால் பங்குக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டாலும் விடுவான். மச்சான் விடமாட்டான், விட்டால் தாலி அறுப்பது அவன் தங்கை. முத்துக் குளித்த காலத்து முறை. விக்டோரியாவின் புருஷன் ரோச் கடலுக்குள் இறங்கிய நாளெல்லாம் கயிறு மரியான் கையில்தான் இருந்தது, ஒரு வெள்ளிக்கிழமை அது வெறுங்கயிறாக மேலே வந்து சேரும்வரை.

செவ்வாய்க்கிழமை ரெக்ஸ் போன் செய்தான். கப்பல் சிங்கப்பூர் பக்கம் எங்கேயோ நின்றது.

“ஏலே ரெக்ஸு, அந்த எட்டாம் நம்பர் ஸ்டேஷன்ல ஒரு பாட்டு வருதே.”

ரெக்ஸ் சிரித்தான். “அதையா கேக்கிய? அத ஒரு பயலும் கேக்க மாட்டான் மாமா. எக்ஸ்பெரிமென்ட்டல். யாரோ ஒரு வெள்ளைக்காரி கடலுக்கு அடியில மைக்க எறக்கி ரெக்கார்டு பண்ணி, அதுக்கு மேல ஊம் ஊம்னு இழுக்கா. எங்க செட்டுல அது வந்தாலே ‘மாத்துல, எழவு வீடு மாதிரி இருக்கு’ம்பானுவ.”

“எந்தக் கடல்லல எறக்குனா?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு நிமிஷப் பாட்டுக்கு இவ்வளவு விசாரணையா?”

“ரெண்டு நிமிஷமா? அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓடுச்சே.”

“போர் அடிச்சா அப்படித்தான் தோணும். சாமியார் பிரசங்கம் மாதிரி.”

“ரிமோட்டு வேற கையில துடிக்கி.”

“துடிக்காது மாமா. வண்டி எதுலயாவது மோதுனாத்தான் துடிக்கும். நீங்கதான் மோதவே மாட்டியளே.” அவன் குரல் தணிந்தது. “தனியா இருந்து இருந்து உங்களுக்கு என்னமோ ஆவுது. ஒரு நாய் வளத்தா என்ன?”

நாய் என்றதும் மரியான் பேச்சை மாற்றினான்.

அடுத்த ஞாயிறு எட்டாவது ஸ்டேஷன் பக்கமே அவன் போகவில்லை. மூன்றாவதில் ஒரு கிழவன் கிட்டார் வாசித்தான். அதைக் கேட்டபடி துறைமுகத்துக்குப் போகாமல், ஊருக்குள்ளேயே நாலு சந்தியைச் சுற்றிவிட்டு, மணி நாலானதும் பெட்டியை அணைத்தான். அணைத்ததோடு விடாமல் சுவரிலிருந்து ஒயரையும் பிடுங்கி, சுருட்டி, அலமாரிக்குள் வைத்தான்.

புதன்கிழமை பக்கத்து வீட்டு இன்பமணி டீச்சர் மதிலில் கையூன்றி நின்றார். நாசரேத்துக்காரர்; முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் நலம் விசாரித்தால்கூட வீட்டுப்பாடம் எழுதாமல் வந்ததுபோல இருக்கும்.

“மரியான், ஒங்க வீட்டுல என்ன மோட்டார் ஓடுது?”

“மோட்டாரா? ஒண்ணுமில்லையே டீச்சர்.”

“ஒண்ணுமில்லையா? மத்தியானம் மூணு மணி ஆனா டொக்கு டொக்குன்னு செவுரு அதிருது. அது போதாதுன்னு ஒரு பொம்பள இழுத்து இழுத்துப் பாடுதா. எங்க சர்ச் பாட்டுக்காரங்களே தேவலாம்னு ஆயிட்டு.”

“ஞாயித்துக்கிழமையா டீச்சர்?”

“ஞாயித்துக்கிழமை நான் ஊர்லயே இல்ல. திங்க, செவ்வா, இன்னைக்கு. எண்ணிச் சொல்லுதேன், மூணு நாளு.”

அலமாரிக்குள் சுருண்டு கிடக்கும் ஒயரை மரியான் நினைத்துக்கொண்டான். “சத்தத்தக் கொறச்சு வைக்கேன் டீச்சர்” என்றான்.

“கொறைக்க வேண்டாம். நிறுத்துங்க.” போனவர் திரும்பி நின்றார். “பாடுதது ஆரு? பாட்டா அது? அழுத தொண்டையில்லா.”

மறுநாள் மூன்று மணிக்கு அவன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அணைந்து கிடந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்தான். ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறி சுற்றியது. வெளியே காற்று தகரக் கதவு ஒன்றை இழுத்து இழுத்து அடித்தது, எங்கோ ஒரு குடம் உருண்டது, பாத்ரூம் குழாய் சொட்டியது, சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அவனுடைய மூச்சு அவனுக்கே கேட்டது. டீச்சர் வீட்டுப் பக்கத்துச் சுவரில் காதை வைத்தான். சுவர் குளிர்ந்திருந்தது. ஆனி மாதத்து மூன்று மணிக்கு, வெயில் காய்ந்த சுவர், குளிர்ந்திருந்தது.

அடுத்த வீட்டுக்குக் கேட்கிறது, தனக்குக் கேட்கவில்லை என்பதை அவனால் தாங்க முடியவில்லை. தன் வீட்டில் நடக்கும் ஒன்றுக்குத் தன்னை அழைக்காததுபோல இருந்தது. அலமாரியைத் திறந்து ஒயரை எடுத்து மாட்டினான்.

கார் துறைமுகத்தில் நின்றது. ஊருக்குள் ஒரு கடை வாசலில் விட்டுவிட்டு வந்த கார். ரேடியோ எட்டில் இருந்தது.

பாட்டு இப்போது கிட்டத்தில் கேட்டது. அந்த மொத்தலை அவன் எண்ண ஆரம்பித்தான், கைவிரல் தானாகவே முழங்காலில் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் நாலாவது அடி நொண்டும். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று, நொண்டும். பெல்ட் தேய்ந்துபோன கம்ப்ரசர். மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அவன் மாற்றாத பெல்ட். உலகத்தில் எத்தனையோ கம்ப்ரசர் இருக்கலாம். நாலாவது அடியில் அப்படி நொண்டுவது ஒன்றுதான் இருந்தது, அதைத் தூக்கி வள்ளத்தில் வைத்தது இவன்தான்.

அதன்பின் ஒரு உரசல். சின்னது. தீக்குச்சியைப் பெட்டியில் கிழிப்பதுபோல. அப்புறம் ஒரு இருமல்.

அவனுடைய இருமல்.

எல்லாச் சத்தமும் மேலேயிருந்து வந்தது. பலகைக்கு அப்பாலிருந்து, தண்ணீருக்கு அப்பாலிருந்து. அன்றைக்கு வள்ளத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு இப்படிக் கேட்டிருக்காது. இப்படிக் கேட்கிற இடத்தில் அன்றைக்கு ஒரே ஒருவன்தான் இருந்தான்.

சனிக்கிழமை விக்டோரியா கூப்பிட்டாள்.

“அண்ணே, சாப்பிட்டியா?”

“ஆச்சு. நீ?”

“ஆச்சு. நாளைக்கு அவுகளுக்கு நினைவுப் பூச. ஏழு மணிக்கு. வந்துருவியா?”

“வாரேன்.”

“போன வருசமும் வாரேன்னுதான் சொன்ன. நான் வாசலையே பாத்துக்கிட்டு இருந்து, சாமியார் என்னைய மொறைச்சிட்டாரு.” அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அது எப்போது நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை, இந்த நாளில், அவள் கேட்பது ஒரே கேள்வி. “அண்ணே, அன்னைக்குக் கயிறு அசையவே இல்லியா?”

“இல்ல.”

“ஒரு தடவகூட?”

“ஒரு தடவகூட இல்லளா.”

“அதான. அசைஞ்சிருந்தா நீ விட்டிருப்பியா?”

அவள் சந்தேகத்தில் கேட்பதில்லை. ஆறுதலுக்குக் கேட்கிறாள். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு அடுத்த வருஷம்வரை தூங்குகிறாள். மரியானின் போனுக்கு வரும் அழைப்புகள் இரண்டு, அவளுடையதும் அவள் மகனுடையதும். உண்மையைச் சொன்னால் இரண்டும் நின்றுபோகும். நாயின் வாலைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னவன், இதை அந்தத் தட்டி மறைவில்கூடச் சொன்னதில்லை.

ஞாயிறு காலை சட்டை மாட்டி, தலை சீவி, செருப்புவரை போட்டுக்கொண்டு, கதவைத் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தான். ஏழு அடித்தது. பத்து அடித்தது. மத்தியானம் ஆனது. சாப்பிடவில்லை. செருப்பைக் கழற்றவில்லை.

மூன்று மணிக்கு டிவி தானாக விழித்தது.

துறைமுகம். கார். அப்பால் வாசனையில்லாத கடல். ஆனால் இப்போது வாசனை இருந்தது. சங்கைக் குவித்து அழுகவிட்ட மணலின் வாசனை, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் வாசனை, அறைக்குள் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி எல்லா மூலையிலிருந்தும் வந்தது. ரேடியோவில் அந்தப் பெண் தணிந்த குரலில் இரண்டு வாக்கியம் சொன்னாள். பாட்டு ஆரம்பித்தது. கன்ட்ரோலர் டிவிக்குக் கீழே தரையில் கிடந்தது. பேட்டரி போய்விட்டதால் எப்போதும் ஒயரில்தான் ஓடும். ஒயரின் மறுமுனை பெட்டிக்குள். அது நடுங்கியது. மூன்று. நடுங்கியதில் ஒரு விரற்கடை அவனை நோக்கி நகர்ந்தது. இன்னும் மூன்று. இன்னும் ஒரு விரற்கடை.

போன் அடித்தது. விக்டோரியா.

“வரலியேண்ணே.”

கன்ட்ரோலர் இன்னும் இரண்டு விரற்கடை நகர்ந்தது.

“அண்ணே? அங்கன என்ன சத்தம்?”

போனை ஸ்பீக்கரில் போட்டு நாற்காலிக் கையில் வைத்தான். கன்ட்ரோலர் அவன் செருப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. குனிந்து எடுத்தான். எடுத்ததும் ஒயர் விறைத்தது. மறுமுனையில் பளு இருந்தது. அந்தப் பளு அவனுக்குத் தெரியும். அறுபத்து மூன்று கிலோ, தண்ணீருக்குள் அதில் பாதிகூட இராது.

“ஏளா விக்டோரியா.”

“சொல்லுண்ணே.”

“மூணு இழுப்பு வந்துச்சு.”

ஒயரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“அன்னைக்கு. நல்லாவே தெரிஞ்சுது. ரோச்சு வெளாடுவான்லா. சும்மா மூணு இழுப்பான், நான் பதறிப்போய்த் தூக்குனா தலைய நீட்டி, பயந்துட்டியால மச்சான்னு பல்லக் காட்டுவான். அன்னைக்குக் காலைலயே ரெண்டு தடவ ஏமாத்திட்டான். மூணாவது தடவ வந்துச்சு. இந்தத் தடவ நான் ஏமாறக் கூடாதுன்னு… ஒரு பீடியப் பத்தவச்சேன். அது முடியட்டும், பெறவு தூக்குவோம்னு. பயலும் கொஞ்சம் பயப்படட்டும்னு.”

தாலிக்குப் பயந்து கயிற்றை மச்சான் கையில் கொடுத்த பழைய ஆட்கள், மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவனை ஒருவன் கேலி செய்யாமல் இருக்க மாட்டார்கள் என்பதை யோசிக்கவில்லை.

“ஒரு பீடிளா. அவ்வளவுதான். மூணு மூணா துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் சிரிச்சிக்கிட்டு இருந்தேன்.”

அவள் அழுவாள் என்று காத்திருந்தான். வைவாள் என்று காத்திருந்தான். போனிலிருந்து ராகம் வந்தது. உதட்டைப் பிரிக்காமல், தணிவாக. டிவியில் வந்த ராகமும் அதுவும் ஒன்றாக இருந்தன. ஒன்று முன்னே போகவில்லை, ஒன்று பின்னே நிற்கவில்லை.

ராகம் நின்றது.

“இழுண்ணே” என்றாள்.

“என்னது?”

“இப்ப இழு.”

இழுத்தான். பெட்டி நகரவில்லை. ஒயர் மட்டும் பெட்டிக்குள்ளிருந்து வந்தது, ஒரு கை, இன்னொரு கை. அது இரண்டு கை நீளத்துக்கு மேல் இருக்க வழியில்லை. வந்தது. கறுப்பாக, மெலிதாக, காய்ந்து வந்த ஒயர் ஈரமாக வர ஆரம்பித்தது, பிறகு பருத்தது, பிறகு கைக்குப் பழகிய முறுக்கோடு கயிறாக வந்தது, ஒவ்வொரு பாகத்துக்கும், அதாவது விரித்த இரு கை நீளத்துக்கும், ஒரு சிவப்புத் துணி முடிச்சோடு, அந்த முடிச்சுகளைப் போட்டது அவன் விரல்கள்தான். போனில் விக்டோரியா எண்ணினாள்.

“ஒண்ணு.”

இழுத்தான்.

“ரெண்டு.”

பத்துப் பாகம் ஆழம் அன்றைக்கு. பத்தில் ஆள் வர வேண்டும். எட்டு. ஒன்பது. கயிற்றின் நீர் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. பத்து.

“பதினொண்ணு” என்றாள் விக்டோரியா.

பளு குறையவில்லை. கயிறு தரையில் சுருண்டு கணுக்காலை மூடியது. இருபது. முழங்காலை மூடியது. நாற்காலியை எட்டி உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து நின்று இழுத்தான். நாற்பது. உள்ளங்கைத் தோல் கிழிந்து கயிற்றோடு போனது. விட நினைத்தான். விரல் விடவில்லை. மச்சான் கயிற்றை விடமாட்டான். எழுபது. இடுப்பு. ஈரக் கயிறு, பாசி, செத்த சிப்பியின் நாற்றம். நூறு. நெஞ்சு. போன் எங்கோ கயிற்றுக்கு அடியில் போயிருந்தது. அங்கிருந்தும் எண்ணினாள்.

“நூத்திப் பத்து.”

மூச்சு முட்டியது.

“நூத்திப் பதினொண்ணு.”

நின்றது.

கயிறு நின்றது. எண்ணுவதும் நின்றது. மொத்தல் நின்றது. அறையில் மின்விசிறி மட்டும்.

பிறகு கயிறு திரும்ப ஆரம்பித்தது. மெதுவாக. அவன் கைக்குள்ளிருந்து உருவிக்கொண்டு. வேகமாக. நெஞ்சுக்கு இறங்கியது. இடுப்புக்கு. சீறிக்கொண்டு, சுருள் சுருளாக, பெட்டியை நோக்கி. முழங்கால். சிவப்புத் துணி, சிவப்புத் துணி, சிவப்புத் துணி. கணுக்கால். தரை தெரிந்தது. கடைசிச் சுற்றுத் தரையில் இல்லை. அவன் இடுப்பில் இருந்தது.

குளிர்.

காதுக்குள் ஊசி.

பச்சை. அப்புறம் கரும்பச்சை.

அண்ணாந்து பார்த்தான். மேலே, எட்டாத உயரத்தில், நீள்சதுரமாக ஒரு வெளிச்சம். வெளிச்சத்துக்குள் அவன் அறை. மின்விசிறி சுற்றியது. நாற்காலி நிமிர்ந்து நின்றது. அவன் இடுப்பிலிருந்து கிளம்பி மேலே போன கயிற்றின் மறுமுனை அந்த நாற்காலிக் கையின் மேல் ஒரு சுற்றாகக் கிடந்தது.

நாற்காலியில் ஆள் இல்லை.

கல்யாணம் செய்யாதவனுக்குக் கயிறு பிடிக்க மச்சான் ஏது.

இழுத்தான். மூன்று.

பொறுத்தான்.

மூன்று.

ஒருவரும் வரவில்லை. நாற்காலி அசையவில்லை. கயிறு அசைந்தது. நாற்காலிக் கையைவிட்டு நழுவி, அவசரமே இல்லாமல், ஒரு பாகம், இன்னொரு பாகம் என்று தண்ணீரில் தளர்ந்து இறங்கி, அவன் நெற்றியில், திறந்த கண்ணில், திறந்த வாயில், மிருதுவாக, சுருள் சுருளாக வந்து படியத் தொடங்கியது.

மரியான் அவன் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அக்கா தங்கை என்று அவனுக்கு யாரும் எப்போதும் இருந்ததில்லை. அப்படியானால் வருஷாவருஷம் போனில் கேட்டது யார், அன்றைக்கு எண்ணியது யார் என்று கேட்டால், அதற்கும் தனியாக ஒரு சத்தியம் செய்ய வேண்டிவரும்.